பரணில் கிடக்கும் தையல் சாமான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டில் வைத்துத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களும் தெருக்காரர்களும் தைப்பதைப் பற்றிக் கேட்பதைவிட, தைக்காமல் கிடப்பதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பீரோவின் கீழ்த்தட்டு, கட்டிலுக்கு அடியில் உள்ள சூட்கேஸ், பரணில் ஏற்றிய மூட்டை என்று எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிப் போட்டுப் பிரித்துவிடலாமா?

வேண்டாம். மத்தியானம் ஆரம்பித்தால் சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. அப்புறம் எல்லாவற்றையும் அள்ளி அதே மூட்டையில் திணித்து அதே பரணில் ஏற்றுவீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வகை. நூல் என்றால் வீட்டில் உள்ள நூல் முழுவதும்: மிஷின் டிராயரில் இருப்பது, பிஸ்கட் டப்பாவில் இருப்பது, ஊருக்குக் கொண்டுபோன பையின் ஓரத்தில் இருப்பது. எல்லாம் ஓரிடத்துக்கு வந்த பிறகுதான் வெள்ளை நூல்கண்டு மட்டும் எத்தனை வைத்திருக்கிறோம் என்பது தெரியும். பழைய வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் கொட்டுங்கள், சின்னச் சாமான் கண்ணுக்குத் தப்பாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சமிக்கிப் பொட்டலம் பிரிந்து பறந்த வீட்டில் அடுத்த பொங்கல் வரை சமிக்கி கூட்டலாம்.

பிரிக்கும்போது 'எனக்கு இது வேண்டுமா' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அந்தப் பொருளுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கழிக்க வேண்டியது கொஞ்சம்தான். பாதியை வெயில் ஏற்கெனவே கழித்து வைத்திருக்கும்.

பிரிக்காமல் பத்திரமாகத்தானே வைத்திருந்தேன், எப்படிக் கெடும்?

கான்கிரீட் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது பரண். சித்திரை, வைகாசியில் அதற்குள் கையை விட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் எலாஸ்டிக்கில் உள்ள ரப்பர் செத்துப்போகிறது, பசை இறுகுகிறது, பெயிண்ட் தயிர்போலத் திரிகிறது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறி ஊசியும் கொக்கியும் துருப்பிடிக்கின்றன. கஞ்சி போட்ட துணி என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. சுங்குடிச் சேலையில் மிஞ்சிய துணியைக் கஞ்சியோடு மடித்து வைக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். அலசிக் காயவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

நூல் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு முழ நூலை எடுத்து இரண்டு கை விரலிலும் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுங்கள். நல்ல நூல் விரலை அறுக்கிற மாதிரி வலித்துவிட்டுத்தான் அறும். செத்த நூல் சத்தமே இல்லாமல் பிரிந்து வரும், அறுந்த முனை பஞ்சு மாதிரி இருக்கும். ஜன்னலோரம் இருந்த கண்டாக இருந்தால் மேல்சுற்று மட்டும் வெயிலில் வெளுத்துச் செத்திருக்கலாம். நாலைந்து சுற்றுப் பிரித்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள், உள்ளே உயிர் இருக்கும். காட்டன் நூல் சீக்கிரம் போகும், பாலியஸ்டர் நூல் வெகுநாள் தாங்கும்.

செத்த நூலை மிஷினில் போட்டால் தையலுக்குத் தையல் அறுவது ஒரு தொல்லை. அடிநூல் வைக்கும் பாபின் கேஸுக்குள் தூசி அடைவது இன்னொரு தொல்லை. மிஷினில்தான் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிற வீடுகளில் பல நேரம் நூல்தான் குற்றவாளி. அந்த நூலைத் தற்காலிகமாகப் போட்டுப் பிறகு பிரிக்கிற ஓட்டுத்தையலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிரிக்கும்போது சுலபமாக அறும்.

எம்பிராய்டரி நூலுக்குச் சாயமும் பார்க்க வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியில் நூலை வைத்து மடித்து இஸ்திரிப்பெட்டியால் ஓர் அழுத்து. சிவப்பும் கருநீலமும் அங்கேயே உண்மையைச் சொல்லிவிடும். ஆங்கர் நூல் ஒரு கண்டு 8 மீட்டர், 6 இழை. பாதி போன கண்டுகளை அட்டையில் சுற்றி, நிற எண்ணை அட்டையிலேயே எழுதி வையுங்கள். எண் தெரியாத பச்சைக்கு ஜோடிப் பச்சை கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

எலாஸ்டிக், ஜிப், பட்டன், பசை, பெயிண்ட்?

எலாஸ்டிக்கை இழுத்துக் காதருகே வையுங்கள். நொறுநொறுவென்று சத்தம் கேட்டாலோ, விட்ட பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பாவிட்டாலோ குப்பைக்கு. யாருக்கும் தானமாகக் கொடுக்காதீர்கள். பாவாடையில் போட்டுக் கட்டின பிள்ளைதான் பாவம். பித்தளை ஜிப் இறுகியிருந்தால் மெழுகுவர்த்தியை ஒரு தரம் தேய்த்தால் ஓடும். பட்டனுக்குச் சாவு கிடையாது. கொக்கி துருவேறியிருந்தால் கழித்துவிடுங்கள், துருக்கறை ப்ளவுஸில் ஏறினால் போகாது. பசையும் ஃபேப்ரிக் பெயிண்டும் மூடி திறக்கவில்லை என்றாலே பாதி முடிவு தெரிந்துவிட்டது.

ஊசியில் ஒரு விஷயம் பாருங்கள். வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், டெய்லர் கடைகளில் மோட்டாரில் ஓடும் பவர் மிஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை. பல வீட்டில் பிரிக்காத ஊசிப் பாக்கெட் கிடப்பதற்குக் காரணம், அது அந்த மிஷினுக்கே சேராத ஊசி என்பதுதான். பவர் மிஷின் வைத்திருக்கும் டெய்லர் கடையில் கொடுத்தால் அன்றைக்கே போட்டுவிடுவார்கள்.

தாம்பூலத்தில் வந்த ப்ளவுஸ் பிட் மலைபோலக் கிடக்கிறது. என்ன செய்வது?

இதுதான் நம்மூரின் பெரிய கேள்வி. இந்தத் துணியை நாம் வாங்கவே இல்லை. வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கொலு என்று போன இடமெல்லாம் வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்தது. லட்சுமி என்பதால் தூக்கிப் போடவும் மனம் வராது. ஆகவே அடுத்த விசேஷத்தில் அடுத்தவருக்கு வைத்துக் கொடுக்கிறோம், அவர் வேறொருவருக்கு. ஒரே பிட் மூன்று வருஷம் சுற்றிவிட்டு, கொடுத்த கைக்கே திரும்பி வருவதும் உண்டு. மடிப்பில் இருக்கும் மஞ்சள் கறையை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிற அத்தாச்சிகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

மொத்தத்தையும் விரித்து மூன்றாகப் பிரியுங்கள். முதலில் தைக்கத் தகுந்த காட்டன்: டூ பை டூ, கைத்தறி, நல்ல பாப்ளின். அளவும் பாருங்கள். 80 செ.மீ. பிட்டில் குட்டைக் கை ப்ளவுஸ் வரும். முழங்கை வரை கை வேண்டும் என்றால் 1 மீட்டர் தேவை. உங்களிடம் இருக்கும் ஒரு சேலைக்கு இன்றைக்கே பொருந்துகிறதா? பொருந்தினால் அந்தச் சேலையோடு சேர்த்து மடித்து வையுங்கள், அடுத்த தடவை டெய்லரிடம் போகும்போது தானாகப் போய்விடும். 'இதற்கு ஒரு சேலை வாங்கிக்கொள்ளலாம்' என்று தோன்றினால் அந்தப் பிட் உங்களுடையது இல்லை.

இரண்டாவது, யாருக்கும் ப்ளவுஸ் ஆகாத அளவிலோ நிறத்திலோ உள்ள கெட்டித் துணி. அதில் பை தைக்கலாம். அகலம் 90, நீளம் 80 செ.மீ. உள்ள பிட்டில் 40 செ.மீ. அகலமாக இரண்டு துண்டு வெட்டுங்கள், 10 செ.மீ. பட்டை மிஞ்சும். துண்டின் 80 செ.மீ. நீளம் பாதியாகும்படி மடித்து இரு ஓரமும் தைத்து, வாயை மடித்து அடித்தால் 36 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பை. மிஞ்சின பட்டையை நெடுக்கில் இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் நாலு கைப்பிடி. ஆக ஒரு பிட்டுக்கு இரண்டு பை, வெட்டுத்துண்டு மிச்சமே இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று துணிப்பைக்கு அரசே இயக்கம் ஆரம்பித்தது. அதனால் அடுத்த கொலுவுக்குப் பிட்டுக்குப் பதில் இந்தப் பையைத் தாம்பூலமாகக் கொடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பரணுக்கு ஏறாது, காய்கறி வாங்க இறங்கிவிடும்.

மூன்றாவது, கண்ணாடிபோல மெலிந்த பாலியஸ்டர். காய்கறிக் கனம் தாங்காது, ப்ளவுஸாகப் போட்டால் வியர்வை தாங்காது. கிராமத்துக் கோயில்களில் அம்மனுக்குச் சாத்தும் சின்னப் பாவாடைக்கு மினுமினுப்பான துணி கேட்பார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்றால் கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். மற்றவை பழந்துணியோடு போகட்டும்.

துணி காட்டனா என்பதில் சந்தேகமா? ஓரத்தில் நாலு இழை உருவி இடுக்கியில் பிடித்துப் பற்ற வையுங்கள். காட்டன் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி முனையில் கெட்டியாக ஒரு மணி கட்டும். பட்டு என்றால் முடி பொசுங்கிய வாடை.

ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) வகுப்புக்கு வாங்கிய சாமான் அப்படியே இருக்கிறது. மறுபடி ஆரம்பித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஆரம்பிக்கலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் வகுப்பு முடித்து இரண்டு தீபாவளி போயிருந்தால் சாமானைப் பார்த்து முடிவெடுங்கள். ஆரி ஊசி, ஸ்டாண்டு, சட்டம் மூன்றும் கெடாது. அவற்றை வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். கெடுவது மணியும் கல்லும், சர்தோசி என்கிற உலோகச் சுருளும்தான். பொன்முலாம் பூசின மணியை ஈரத் துணியில் தேயுங்கள், நிறம் ஒட்டினால் அது ப்ளவுஸில் முதல் வியர்வைக்கே வெளுத்துவிடும். குந்தன் கல்லின் பின்பக்கத் தகடு கறுத்திருந்தால் முன்பக்கமும் மங்கித்தான் தெரியும். சர்தோசிச் சுருள் கறுத்தால் மெருகேற்ற வழியில்லை.

நல்லதாக உள்ள மணியை நிறவாரியாகச் சின்னச் சின்ன மூடி டப்பாவில் போட்டு, ஒரு ப்ளவுஸுக்குக் காணுமா என்று பாருங்கள். கழுத்துக்குக் காணும், கைக்குக் காணாது என்ற அளவில் இருப்பதை இப்போது படிக்கிற பெண்ணுக்குக் கொடுங்கள். பழகுகிற கைக்குச் சேர்ந்த நிறம் தேவையில்லை.

தொழிலாகச் செய்யப்போகிறேன் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. ஆர்டர் வந்த பிறகு, அந்தச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் மணி வாங்குவார்கள். பழைய சரக்குக்கு ஏற்ற சேலையோடு யாரும் வரப்போவதில்லை.

மினுமினுப்பு லேஸ், ஜரிகை, சாட்டின் மிச்சத்துக்கு மதுரையில் வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் காலம் பார்த்துச் செய்ய வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நேர்த்திக்கடனுக்காகத் திரி எடுப்பவர்களும் தண்ணீர் பீய்ச்சுபவர்களும் போடும் உடுப்பைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சமிக்கி மின்னும். அதைத் தைப்பவர்கள் பல காலம் மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் மிஷின் போட்டிருந்தார்கள், அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. உங்கள் பகுதியில் அந்த உடுப்பு தைக்கிறவர் இருந்தால் மாசி, பங்குனியிலேயே கேட்டுவிடுங்கள். திருவிழா முடிந்து கொண்டுபோனால் வாங்கிப் பரணில் போடுவார், உங்கள் பரணிலிருந்து அவர் பரணுக்கு.

எந்த அளவுத் துண்டுத் துணி வரை வைத்துக்கொள்ளலாம்?

உள்ளங்கைக்குக் கீழே எதுவும் வேண்டாம். இது என் கணக்கு, பிடிவாதமாகப் பேசுபவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஒட்டுத்துணி விரிப்பு உண்மையிலேயே தைக்கிறவர்கள் மட்டும் சதுரமாக வெட்டி வைத்துக்கொள்ளட்டும். சதுரமாக வெட்டாமல் கிடக்கிற துண்டு விரிப்பு ஆகாது. காட்டன் வெட்டுத்துண்டை டூவீலர் பட்டறையில் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். பாலியஸ்டரை அதில் கலக்காமல் கொடுங்கள். மிச்சத்தைத் தலையணைக்குள் அடைக்கலாம். ஆனால் பொடிப்பொடியாக நறுக்கி அடைத்தால்தான் கழுத்து வலிக்காது.

மாமியாரின் மிதி மிஷின் ஓடாமல் நிற்கிறது. மேலே டிவி வைத்திருக்கிறோம்.

டிவி ஸ்டாண்டாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தால் அதுவும் ஒரு முடிவுதான். ஓட வைக்க ஆசை என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தோல் பெல்ட் காய்ந்து சுருங்கியிருக்கும், அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் இறுகின பழைய எண்ணெயைத் துடைத்து, எண்ணெய்த் துளைகளில் மிஷின் எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் கொஞ்ச நேரம் மிதியுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசின் மாதிரி இறுகிவிடும். அத்தை இருக்கிறார் என்றால், விற்பதைப் பற்றி அவரிடம் கேட்காமல் பழைய சாமான்காரரைக் கூப்பிடவே கூடாது.

அப்பத்தா சேர்த்து வைத்த பட்டன் டப்பாவைக் கழிக்க மனம் வரவில்லை.

கழிக்க வேண்டாம். பட்டன் கெடாது, இடமும் அடைக்காது. அப்பத்தா தைத்த பெட்டிக்கோட்டு, பாதியில் விட்ட குரோஷாத் துண்டு போன்றவை வேறு கணக்கு. அவற்றை மற்றச் சாமானோடு கலந்து வைக்காதீர்கள். தையல் சாமானாகப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி வரும். போட்டோ ஆல்பம் இருக்கும் பெட்டிக்கு மாற்றிவிட்டால் அந்தக் கேள்வி வராது. அந்தக் குரோஷாவை நீங்கள் முடித்தாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அப்பத்தாவும்தான்.

யாருக்குக் கொடுப்பது?

கொடுக்கும் முன் செட்டாக்குங்கள். ஒரு ப்ளவுஸ் பிட், அதற்கு லைனிங், சேர்ந்த நூல், ஒரு வரிசைக் கொக்கி எல்லாம் ஒரே கவரில். கலந்து கட்டிய மூட்டையைக் கொடுத்தால் நம் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம். செட்டாக வந்தால் அன்றைக்கே வெட்டத் தொடங்குவார்.

கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. மிஷின் வந்துவிடும். கத்தரிக்கோலும் டேப்பும் பழகத் துணியும் நூலும் கைக்காசில் வாங்க வேண்டும். அப்படி மிஷின் வாங்கின ஒருவர் உங்கள் வார்டிலேயே இருப்பார். அங்கன்வாடியில் கேட்டால் சொல்வார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள், சுய உதவிக் குழுக்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளி ஆசிரியைகள் ஃபெல்ட் துணி, வுல்லன் நூல், வண்ணக் காகிதம் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒயர்கூடை ஒயர் கட்டு மிச்சமிருந்தால் கூடை பின்னுகிற பாட்டி எந்தத் தெருவிலும் உண்டு. வெயிலில் கிடந்து ஒடிகிற ஒயர் மட்டும் ஆகாது.

விற்றால் காசு வருமா?

பிரிக்காத நூல் பெட்டி, மூட்டை பிரியாத லைனிங் துணி என்றால் தெரிந்த டெய்லர் பாதி விலைக்கு எடுப்பார். மற்றது நேரத்துக்குக் கேடு. அசல் ஜரிகை உள்ள பழைய பட்டுப் பார்டர் மட்டும் விதிவிலக்கு. அதில் வெள்ளி இருக்கிறது, எடைக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள். சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

குப்பையில் போட வேண்டியதை எப்படிப் போடுவது? போகியில் எரித்துவிடலாமா?

பாலியஸ்டரும் ஃபோமும் எரித்தால் வரும் புகை மூச்சுக்கு ஆகாது. ஊசி, பிளேடு, குண்டூசி எல்லாவற்றையும் மாத்திரை டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே 'ஊசி' என்று எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் தனியாகக் கொடுங்கள். அவர்கள் பையைக் கையால்தான் பிரிக்கிறார்கள்.

வீட்டுக்காரர் 'எல்லாத்தையும் தூக்கிப் போடு' என்கிறார்.

அவருடைய டூல் பெட்டியில் இருக்கும் துருப்பிடித்த ஸ்க்ரூக்களை எண்ணச் சொல்லுங்கள்.

மிஞ்சினதை எப்படி வைப்பது?

பரண் வேண்டாம், அறைக்குள் இடுப்பு உயரத் தட்டு போதும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பா நல்லது. பட்டும் ஜரிகையும் மட்டும் பிளாஸ்டிக்கில் வேண்டாம், பழைய காட்டன் வேட்டித் துண்டில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேயே இற்றுப்போகும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது. ஊசிகளைச் சொட்டு மிஷின் எண்ணெய் தொட்ட ஃபெல்ட் துண்டில் குத்தி வைத்தால் ஐப்பசியைத் தாண்டும். ஆயுத பூஜைக்கு எப்படியும் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அன்றைக்கே டப்பாக்களையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

எல்லாம் கழித்தாயிற்று. ஆடித் தள்ளுபடிக்கு விளக்குத்தூண் துணிக்கடைகள் பக்கம் போகலாமா?

போகலாம். கைப்பையில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு துணியிலும் நகத்தளவு வெட்டி அதில் ஒட்டி, பக்கத்தில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று எழுதுங்கள். லைனிங்கோ நூலோ அட்டையோடு ஒப்பிட்டு வாங்கலாம், இருக்கிற நிறத்தையே மறுபடி வாங்கவும் வேண்டியிருக்காது. துணியைக் கடைக்குள் இருக்கும் டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். தெற்கு மாசி வீதிக் கடைக்காரர்கள் பழகினவர்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அரை மீட்டர் மட்டும் வெட்டித் தர மாட்டேன் என்கிற கடையில் ஒரு மீட்டர் வாங்க வேண்டாம், பக்கத்துக் கடையில் வெட்டித் தருவார்கள்.